அத்தைக்கு மட்டும் ஏன் அரளிப்பூ?

தையக்காரி (அருப்புக்கோட்டை)

எல்லாருக்கும் வணக்கம். நான் தமிழ் படிச்சவ இல்லை, பிளவுஸ் தைக்கிறவ. கேள்வி சின்னப்பிள்ளைத்தனமா இருந்தா சிரிச்சுக்கோங்க, ஆனா பதிலும் சொல்லிட்டுப் போங்க.

என் தம்பி பொண்டாட்டி பேறுகாலம் முடிஞ்சு, அஞ்சாம் மாசம் பிள்ளையைத் தூக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துட்டா. பொம்பளைப் பிள்ளை. பத்து நாள் கூட இருந்து பார்த்துக்கிறேன்னு அவங்க அம்மாவும் வந்திருக்காக. தம்பி வீடும் என் வீடும் ஒரே காம்பவுண்டு. என் மிஷின் முன்வாசல்லயே கிடக்கு. பிள்ளை அழுதா முதல்ல ஓடுறது நான்தான்.

போன வியாழக்கிழமை மத்தியானம் கரண்டு போயிருச்சு. பழைய சுங்குடிச் சேலையில கட்டுன தொட்டில். பிள்ளை வேர்த்து, முகம் செவந்து, நிப்பாட்டாம அழுகுது. ஒரு கையால தொட்டிலை ஆட்டிக்கிட்டே எங்க அம்மா பாடுறதைப் பாட ஆரம்பிச்சேன். யோசிச்சுப் பாடலை, அதுவா வாயில வந்தது:

ஆராரோ ஆரிரரோ கண்ணே ஆராரோ ஆரிரரோ
ஆரடிச்சு நீயழுத கண்ணே அடிச்சாரச் சொல்லியழு
மாமன் அடிச்சானோ மல்லியப்பூச் செண்டால
அத்தை அடிச்சாளோ அரளிப்பூச் செண்டால

அந்த நாலாவது வரி வாயை விட்டு வந்ததும் எனக்கே சுருக்குன்னுச்சு. அந்தப் பிள்ளைக்கு அத்தை யாரு? நான்தான்! சம்பந்தியம்மா கீழ உக்காந்து மொச்சை உரிச்சுக்கிட்டு இருந்தவுக, தலையைத் தூக்காமலே, "எங்க ஊர்ல அல்லின்னுதான் பாடுவோம். நீங்க என்னடான்னா உங்க வாயாலயே அரளின்னு ஒத்துக்கிட்டீகளே"ன்னாக. அவுக பொண்ணு அடுப்படியில சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. மாமனுக்கு மல்லிகை. அத்தைக்கு அரளி. அரளியை எங்க பக்கம் தலையில வைக்க மாட்டோம். சாமிக்குப் போடுவோம், அதோட சரி. ஆடு கூட வாய் வைக்காது. பாலை உறிஞ்சுற பச்சைப் பிள்ளைக்குப் பக்கத்துல நச்சுச் செடியை ஏன் கொண்டாந்து வைக்கணும்?

இதுல எனக்கு ஒரு பழைய உறுத்தலும் இருக்கு. எங்க அம்மாவுக்கும் என் அத்தைக்கும் (அப்பாவோட தங்கச்சி) கம்மாய்க்கரைப் பக்கம் ஒரு துண்டு நிலத்துல வாய்த்தகராறு. ரெண்டு வருசம் பேச்சுவார்த்தை இல்லை. அப்புறம் சேர்ந்துட்டாக. ஆனா அம்மா அந்தக் கோவத்துலதான் அல்லியை அரளியாக்கிப் பாடுச்சோன்னு இப்பத் தோணுது. அம்மா தவறி ஆறு வருசமாச்சு. கேக்க முடியாது.

எது சரி, அல்லியா அரளியா? பேசத் தெரியாத பிள்ளைகிட்டப் போயி யார் அடிச்சான்னு ஏன் கேக்கணும்? கடைசியில "ஆரும் அடிக்கவில்லை, ஐவிரலும் தீண்டவில்லை"ன்னு பாட்டே பதில் சொல்லுதே, அப்ப எதுக்கு இவ்வளவு விசாரணை?

கணக்குப்பிள்ளை

அக்கா, இதுக்கு இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. மோனைதான் காரணம். "மா"மனுக்கு "ம"ல்லிகை, "அ"த்தைக்கு "அ"ரளி அல்லது "அ"ல்லி. சித்தி "சீ"ராட்டும் கையாலே, பாட்டி "பா"ல் வார்க்கும் கையாலே, அண்ணன் "அ"ணைத்தெடுக்கும் கையாலே. முதல் எழுத்து சேரணும், அவ்வளவுதான். அர்த்தம் பார்த்துப் பூவைப் பொறுக்கினவங்க யாரும் இல்லை. தூக்கத்துல இருக்கிற அம்மாவுக்கு அகராதி எதுக்கு?

தையக்காரி

தம்பி, எழுத்துதான் சேரணும்னா ஆவாரம்பூ இருக்கே. எங்க பக்கம் வேலி முழுக்க மஞ்சளாக் கிடக்கும். உடம்புக்கும் நல்லது. அத்தை ஆவாரம்பூவால அடிச்சான்னு பாடியிருக்கலாம்ல? அ-ன்னா இத்தனை பூ இருக்குறப்ப அரளிதான் வேணும்னு ஒருத்தி தேர்ந்தெடுத்திருக்கா. நான் கேக்குறது அதை.

ஓய்வுபெற்ற வாத்தியார்

அம்மா, உங்கள் ஆவாரம்பூக் கேள்வி இலக்கண முறைப்படியே செல்லும். அ, ஆ, ஐ, ஔ நான்கும் மோனையில் ஓரினம். மோனை வாசலைத் திறந்துவிடும். உள்ளே யார் வருவது என்பதை அது தீர்மானிப்பதில்லை.

முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் சற்று நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தால் என்றால் நாக்கு. நாவை ஆட்டி ஒலி எழுப்புவதால் தாலாட்டு. பெரியாழ்வார் கண்ணனுக்கு "மாணிக்கம் கட்டி வயிரம் இடைகட்டி" என்று தொட்டில் செய்து "தாலேலோ" பாடினார். அது அரண்மனைத் தொட்டில். உங்களுடையது சுங்குடித் தொட்டில். இரண்டாவதில்தான் உறவுக்காரர்கள் எல்லாரும் வந்து நிற்கிறார்கள்.

"ஆக்கினை" என்ற சொல் உங்கள் அம்மா பாடியதில் உண்டா? "அடிச்சாரைச் சொல்லியழு, ஆக்கினைகள் செய்துவைப்போம், தொட்டாரைச் சொல்லியழு, தோள்விலங்கு பூட்டிவைப்போம்" என்று பல ஊர்களில் வரும். ஆக்கினை என்றால் இங்கே தண்டனை. தமிழ் பைபிளில் ஆக்கினைத்தீர்ப்பு என்று படித்திருப்பீர்களே, அதே சொல். ஆக, இது ஒரு நீதிமன்றம். வாதி தொட்டிலில் கிடக்கிறது. கைவிலங்கு, கால்விலங்கு தெரியும், அது என்ன தோள்விலங்கு என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. என் மனைவி ஒரே வரியில் முடித்துவிட்டார்: "அழுத பிள்ளையை அடிச்சவன் தோள்லயே தூக்கிப் போடுறதுதான். விடிய விடிய இறக்க முடியாதே, அதைவிட என்ன விலங்கு?"

செண்டு என்பதையும் பாருங்கள். பூங்கொத்து மட்டுமல்ல, அது ஓர் ஆயுதமும்கூட. ஐயனார் கையில் இருப்பது செண்டு. மன்னார்குடிப் பெருமாளுக்குச் செண்டலங்காரர் என்று பெயர். மாடு மேய்க்கும் சாட்டை அது. திருவிளையாடற் புராணத்தில் உக்கிர பாண்டியன் மேருமலையையே செண்டால் அடிக்கிறான். மலையை அடித்த செண்டு, தொட்டிலுக்கு வரும்போது மல்லிகைக் கொத்தாகிவிட்டது.

இனி உங்கள் உறுத்தல். புகுந்த வீட்டில் மருமகள் வாய்விட்டுப் பேசக்கூடிய இடங்கள் மிகக் குறைவு. தொட்டிலடி அதில் ஒன்று. பிள்ளையைக் கேட்பதுபோல் நாத்தனாருக்குச் சொல்வது. மாமன் யார்? பாடுகிறவளின் உடன்பிறந்தவன். அத்தை யார்? அவளுடைய நாத்தனார். பிறந்த வீட்டுக்கு மல்லிகை, புகுந்த வீட்டுக்கு அரளி. எனக்கு இது தெளிவாகவே தெரிகிறது.

தையக்காரி

ஐயா, தோள்விலங்கு விசயம் அருமை. உங்க வீட்டம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க. செண்டு ஆயுதம்ங்கிறது எனக்குப் புதுசு, ஆனா எங்க அம்மா மேருமலையெல்லாம் நெனச்சுப் பாடியிருக்காது.

கடைசியில சொன்னீங்க பாருங்க, அதுதான் எனக்கும் பயம். ஆனா ஒண்ணு இடிக்குது. எங்க அம்மா கோவம் வந்தா தெருவுல நின்னு கத்துற ஆளு. பாட்டுக்குள்ள ஒளிச்சு வச்சுப் பேசுற ரகம் இல்லை. அதுக்கு வாசலே பெரிய மேடை.

பனமரத்துப்பட்டியான்

அரளியை எல்லாரும் சேர்ந்து இப்படி நச்சு, நச்சுன்னா எப்படிங்க. எங்க சேலத்துப் பக்கம் வந்து பாருங்க, பனமரத்துப்பட்டி சுத்தி காட்டுக்காடு அரளிதான். எங்களுக்கு அது சோறு. விரிய விட்டா மதிப்பு போயிரும்னு மொட்டாவே பறிச்சு மார்க்கெட்டுக்கு அனுப்பறோம். ஆடி மாசமும் ஆயுத பூஜையும் வந்தா அரளி இல்லாத மாலை உண்டா? காளியம்மனுக்குச் செவ்வரளி போட்டாத்தான் பார்க்கவே நிறைவா இருக்கும். சாமி கழுத்துல கிடக்கற பூவை அத்தை கையில குடுத்திருக்காங்க. இதுல என்னங்க குறை? மல்லிகை ஒரு ராத்திரி, காலையில கருத்துப் போயிரும். அரளி நிக்கும்.

இன்னொண்ணு. அரளிச் செடியை வெட்டி விட்டா நேரா, நீளமா, வளையற மாதிரி வளார் கிளம்பும். அடிக்கணும்னு நெனச்சா அந்த வளார்ல ஒண்ணு போதும், தோல் உரிஞ்சிரும். பாட்டுல வளார்னு சொல்லலையே, பூச்செண்டுன்னுதான சொல்றாங்க. வளாரை விட்டுட்டு நுனியில இருக்கற பூவால மட்டும் தொட்டவ அத்தை.

நச்சு இல்லைன்னு சொல்ல வரலைங்க. இருக்கு. நாலுவழிச் சாலை நடுவுல அரளியா வச்சிருக்கறதைப் பார்த்திருப்பீங்க, மாடு ஆடு கடிக்காதுங்கறதும் அதுக்கு ஒரு காரணம். எங்க அம்மா, பூப்பறிச்சிட்டு வந்தா சோப்புப் போட்டுக் கை கழுவாம யாரையும் பிள்ளைகிட்ட விடாது. என் அக்கா பறிக்கப் போயிட்டு வந்து தொட்டில் பக்கத்துல கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கும், எட்டி எட்டிப் பார்க்கும். "ஐவிரலும் தீண்டவில்லை"ன்னு நீங்க எழுதினதும் எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வந்துச்சு.

யாழ்ப்பாணத்துப் பேத்தி

எங்கட அம்மம்மா பாடினதில அத்தையே இல்லை. "மாமி அடிச்சாளோ மல்லிகைப்பூச் செண்டாலே" எண்டுதான் பாடுவா. அப்பாவின்ர தங்கச்சியும் எங்களுக்கு மாமி, மாமாவின்ர மனுசியும் மாமி. ரெண்டு பேருக்கும் ஒரே பேர், அதால ரெண்டு பேருக்கும் மல்லிகை. உங்கட ஊரில அத்தை எண்ட சொல்லு இருக்கிறதாலதான் அரளி வந்து சேர்ந்திருக்குது போல. சொல்லை மாத்தினா அத்தைக்கு விடுதலை!

அரளியை நாங்கள் அலரி எண்டு சொல்லுறது. கொழும்பில பிரதமருக்கெண்டு இருக்கிற அரச வீட்டையும் தமிழில அலரி மாளிகை எண்டுதான் எழுதுறவை. ஆனா அங்க பேருக்குக் காரணமான மரம் உங்கட அரளி இல்லை. சிங்களத்தில அரலிய எண்டு சொல்லுற, கோயில் வளவுகளில நிக்கிற, வெள்ளைப் பூவும் நடுவில மஞ்சளுமா இருக்கிற மரம். உங்கட அகராதியில அதுக்கு ஈழத்தலரி எண்டு பேர். நாங்கள் ஒண்டைச் சொல்ல, நீங்கள் ஒண்டை விளங்க, சிங்களவர் வேறொண்டை விளங்கலாம். பாட்டில பூவின்ர பேரைப் பிடிச்சுக்கொண்டு சண்டை பிடிக்கிறது கொஞ்சம் கவனம்.

நான் இப்ப டொராண்டோவில இருக்கிறன். மகனுக்கு இதைப் பாடேக்க, அவர் ஒருநாள் நாலு வயசில கேட்டார், "அம்மா, ஏன் அப்பா அடிக்கேல்ல?" எண்டு. அதுக்குப் பிறகுதான் கவனிச்சன். மாமா, மாமி, பாட்டி, அண்ணன் எல்லாரும் வரினம். அப்பா மட்டும் வரமாட்டார். எனக்குத் தெரிஞ்ச ஒரு பாட்டிலயும் இல்லை. அவர் அடிக்கமாட்டார் எண்டதாலயோ, அடிச்சா அதைப் பூவெண்டு பாட ஏலாது எண்டதாலயோ தெரியேல்ல.

ஓய்வுபெற்ற வாத்தியார்

அப்பா இல்லாததைக் கவனித்த அந்தப் பிள்ளைக்கு நூற்றுக்கு நூறு. நான் கவனித்ததில்லை.

சேலத்துத் தம்பி சொன்ன வளாரும் எனக்குப் பிடித்தது. மருமகள், நாத்தனார் என்று நான் சொன்னதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன், ஆனால் முழுதாக விடவில்லை. தையக்காரி அம்மா, உங்கள் அத்தை இருக்கிறார்களா? இருந்தால் நாம் இங்கே ஊகித்துக்கொண்டிருப்பதைவிட அவர்களையே கேட்டுவிடலாமே. 1964-இல் வந்த நா. வானமாமலையின் நாட்டுப்பாடல் தொகுப்பைப் புரட்டினால், பாட்டின் கீழே சேகரித்தவர் பெயரும் இடமும் போட்டிருக்கும். எந்த ஊர் என்று தெரியாமல் பாட்டுக்குப் பொருள் சொல்லக்கூடாது என்பதை அவர்கள் அப்போதே புரிந்துவைத்திருந்தார்கள். நாம்தான் நாலு வரியை வைத்து நாலு பக்கம் எழுதுகிறோம். (இதில் முதல் குற்றவாளி நான்.)

தையக்காரி

எழுத அஞ்சு நாள் ஆயிருச்சு, மன்னிச்சுக்கோங்க. முகூர்த்த நாள் வருது, பதினாலு பிளவுஸ் குவிஞ்சு கிடந்துச்சு.

அத்தை இருக்காக. பந்தல்குடிப் பக்கம், எழுபத்துநாலு வயசு, காது கொஞ்சம் மந்தம். போன்ல கேக்குற விசயமில்லைன்னு ஞாயித்துக்கிழமை பஸ் ஏறிட்டேன். போய் உக்காந்து காப்பி குடிச்சு, சுத்தி வளைச்சு, "அத்தை, அம்மா பாடுறப்ப உங்களுக்கு அரளிப்பூன்னு பாடும்ல, அது கோவத்துலயா?"ன்னு கேட்டேன். ரெண்டு தடவை சத்தமா கேக்க வேண்டியதாப் போச்சு. பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பாத்துச்சு.

அத்தை சிரிச்ச சிரிப்பு இருக்கே, வெத்தலை எச்சி சேலையில தெறிச்சுருச்சு. "அடி கூறுகெட்டவளே, அதை உங்க ஆத்தாளுக்குச் சொல்லிக்குடுத்ததே நான்தான்டி"ங்கிறாக!

நான் பிறந்தப்ப அத்தைக்குக் கல்யாணம் ஆகலை. எங்க வீட்டுலதான் இருந்திருக்காக. கிணத்தடியில ஒரு செவ்வரளி நின்னுச்சு, அது எனக்கும் நல்லா ஞாபகம் இருக்கு; அதுக்கு அடியில சட்டி பானை விளக்குவோம், நுரையில பூ மிதக்கும். சாமிக்குப் பறிச்ச கொத்துல ஒண்ணை எடுத்து என் மூக்குக்கு நேரா ஆட்டிக் காமிக்கிறது அத்தை வேலை. நான் பிடிக்க வருவேனாம், வெடுக்குன்னு இழுத்துக்குவாகளாம். நான் அழுவேனாம். அம்மா அடுப்படியில இருந்து "யாருடி பிள்ளைய அடிச்சது?"ன்னு சத்தம் போடுமாம். அத்தையே பாடிப் பதில் சொல்லுவாகளாம், "அத்தை அடிச்சாளோ அரளிப்பூச் செண்டால"ன்னு. நிலத் தகராறெல்லாம் எனக்குப் பத்து வயசுக்கு மேல நடந்தது. பாட்டு அதுக்கு முந்தியே இருக்கு. நான்தான் ரெண்டையும் ஒண்ணாப் போட்டுத் தச்சுட்டேன்.

அல்லின்னும் பாடுறாகளேன்னு கேட்டேன். "அல்லி எங்கடி இருக்கு நம்ம கரிசக்காட்டுல? கம்மாயில வருசத்துக்கு நாலு மாசம் தண்ணி கிடந்தா அதிசயம். கண்ணுல பாக்காத பூவால எவடி அடிப்பா?" அவ்வளவுதான், அத்தை தீர்ப்பு. சம்பந்தியம்மா தாமிரவருணிக்கரை, ஆழ்வார்திருநகரிப் பக்கம். வாய்க்கால் வரப்பு எல்லாம் தண்ணி. அவுகளுக்கு அல்லித்தண்டு கையில எடுத்து மாலை பண்ணி விளையாடுன சாமான். எங்களுக்குக் கிணத்தடி அரளி. ரெண்டு பேரும் அவுகவுக கண்ணு பாத்ததைப் பாடியிருக்காக. அல்லியை யாரும் அரளியா மாத்தலை.

வர்றப்ப பஸ்ல ஜன்னலோரம். பில் புக்குப் பின்னால பாட்டு வரியெல்லாம் எழுதிப் பார்த்துக்கிட்டே வந்தேன், துணி வெட்டுறதுக்கு முன்னால கோடு போடுற மாதிரி. கணக்குப்பிள்ளைத் தம்பி முதல்ல எழுதினதையும் சேர்த்து எழுதினேன். அப்ப ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. இதை எங்கயும் படிச்சதில்லை, சரியான்னு நீங்கதான் சொல்லணும்.

மாமன், அத்தை. இவுக ரெண்டு பேரும் பூவால அடிக்கிறாக.
சித்தி, பாட்டி, அண்ணன். இவுக கையால அடிக்கிறாக. சீராட்டுற கை, பால் வார்க்கிற கை, அணைக்கிற கை.

வளக்கிறவுகளுக்குக் கை. முறைக்காரவுகளுக்குப் பூ! சித்தி மகனை நான் கட்டிக்க முடியாது, அவன் எனக்கு அண்ணன் தம்பி. மாமன் மகனோ அத்தை மகனோன்னா முறை இருக்கு. நாளைக்கு நிச்சயம்னு வந்தா தட்டுல பூவோட வந்து தலையில பூ வைக்கிறது யாரு? அத்தை வீடோ மாமன் வீடோதான வழக்கமா இருந்துச்சு. பூ வைக்க வர்றவுக தொட்டிலுக்குப் பக்கத்துலயே பூவோட வந்து நிக்கிறாக. அதான் அந்த ரெண்டு பேரை மட்டும் கேலியும் பண்ணலாம். சித்தியை யாரும் கேலி பண்ண மாட்டாக, அது அம்மா மாதிரி. அத்தையையும் மாமனையும் பண்ணாமலும் இருக்க மாட்டாக.

எங்க அம்மா இன்னொரு பாடமும் சில நாள் பாடும், "மாமன் அடிச்சானோ மாலையிடும் கையால"ன்னு. மாமனுக்குக் கை வந்தாலும் அது மாலை போடுற கையாத்தான் வருது, பாருங்க!

இப்ப முன்ன மாதிரி அத்தை மகனை, மாமன் மகளை அவ்வளவாக் கட்டுறதில்லை, கட்டவும் வேண்டாம்னுதான் நானும் சொல்லுவேன். என் கூடப் படிச்சவ ஒருத்தி அதுல பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனா பாட்டு அந்தக் காலத்து வீட்டுலதான் இன்னும் உக்காந்திருக்கு.

ஓய்வுபெற்ற வாத்தியார்

என் நாத்தனார் விளக்கத்தை இத்துடன் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உங்கள் வீட்டைப் பொறுத்தவரை மட்டும். வேறு வீடுகளில் அது உயிரோடு இருக்கக்கூடும்.

பூ, கை என்று நீங்கள் பிரித்ததை இரண்டு முறை படித்தேன். முப்பத்தொரு ஆண்டில் எனக்குத் தோன்றவில்லை. பில் புக் பின்பக்கத்தைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள்.

கணக்குப்பிள்ளை

அக்கா, கெடுக்குறதுக்கு மன்னிக்கணும். "பாட்டி அடிச்சாளோ பால் வடியும் கம்பால"ன்னும் ஒரு பாடம் இருக்கு. எங்க ஆச்சி அப்படித்தான் பாடும். இதுல கையும் இல்லை, பூவும் இல்லை, கம்பு! உங்க கணக்குல இதை எங்க வைப்பீங்க? பால் வார்க்கும் கைன்னு நான் எழுதினது பக்கத்து வீட்டுப் பாட்டு.

தையக்காரி

அட, ஆமா. இடிக்குது. எங்கயும் வைக்க முடியலை. பாட்டி அம்மாவைப் பெத்தவளா அப்பாவைப் பெத்தவளாங்கிறதைப் பொறுத்து மாறுமோ? உங்க ஆச்சி எந்தப் பாட்டியைச் சொல்லிப் பாடுச்சுன்னு கேட்டுச் சொல்லுங்க தம்பி. அதுவரைக்கும் அந்த வரியை ஊசியில குத்தித் தனியா வச்சுக்கிறேன்.

கணக்குப்பிள்ளை

கேட்டேன். "ரெண்டு கிழவியும்தான், போடா"ன்னுச்சு.

பனமரத்துப்பட்டியான்

பால் வடியற கம்புன்னா அதுவும் அரளியா இருக்கலாம்னு யாராவது ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். செவ்வரளிக் கம்பை ஒடிச்சாப் பிசுபிசுன்னு வரும், வெள்ளையாப் பாலா வடியாது. பாலா வடியறது மஞ்ச அரளி. அது வேற செடி, பூ மணி மாதிரி தொங்கும். அதோட கள்ளியும் இருக்கு, எருக்கும் இருக்கு. கிழவி எதைப் பிடிச்சாளோ.

எங்க அக்காகிட்ட இந்தப் பாட்டைப் படிச்சுக் காட்டினேன். "கை கழுவிட்டேன்னு ஒரு வரி சேர்த்துப் பாடச் சொல்லு"ன்னுச்சு.

யாழ்ப்பாணத்துப் பேத்தி

அக்கா, சம்பந்தியம்மா இன்னும் நிக்கிறாவோ? அவ பாடுறதையும் கேட்டு எழுதுங்கோவன். அந்த ஊர்ப் பாடம் எனக்கும் வேணும்.

தையக்காரி

நேத்துத்தான் ஊருக்குப் போனாக. போறதுக்கு முந்தின நாள் நான் கேட்டு, அவுக சொல்லச் சொல்ல எழுதினேன். பாதி எங்க பாட்டு மாதிரியேதான்.

ஆரடித்து நீயழுதாய் அடித்தாரைச் சொல்லியழு
மாமன் அடித்தானோ மல்லிகைப்பூச் செண்டாலே
அத்தை அடித்தாளோ அல்லிப்பூத் தண்டாலே
ஆரும் அடிக்கவில்லை ஐவிரலும் தீண்டவில்லை
தானே அழுகின்றான் தம்பி துணை வேணுமின்னு

கடைசி வரிதான் பதிலாம். யாரும் அடிக்கலை, விளையாட இன்னொரு பிள்ளை வேணும்னு அழுகுதாம். சம்பந்தியம்மா இதைப் பாடிட்டு மகளை ஒரு பார்வை பாத்தாக. அவ "ஆளை விடுங்கம்மா"ன்னு எந்திரிச்சுப் போயிட்டா. நான் முதல்ல கேட்டேனே, இவ்வளவு விசாரணை எதுக்குன்னு? இதுக்குத்தான் போல. யார் யாரையோ விசாரிச்சுட்டுக் கடைசியில வந்து நிக்கிற இடம் அது.

நேத்து ராத்திரி நான் மிஷின்ல கடைசி ஜாக்கெட்டுக்குக் கொக்கி வச்சுக்கிட்டு இருந்தேன். உள்ள பிள்ளை அழுகுது. தம்பி பொண்டாட்டி தொட்டிலை ஆட்டுற சத்தம். மெதுவாத்தான் ஆரம்பிச்சா. மாமனுக்கு மல்லிகைப்பூ வந்துச்சு. அடுத்த வரிக்கு நான் கையை நிப்பாட்டிட்டுக் காதைக் குடுத்தேன், அவ பிறந்த ஊர்ப் பூவா எங்க ஊர்ப் பூவான்னு. குரலை நல்லா ஏத்தி, வாசலுக்குக் கேக்குற மாதிரி பாடுறா:

அத்தை அடிச்சாளோ அளவெடுக்கும் டேப்பால

டேப்பைத் தேடுறேன், காணோம். அதைத்தான் பிள்ளை கையில குடுத்திருக்கா.